635 அத்தியாயங்களுக்குள் நுழைவது எப்படி? 'கன்ஸ்மோக்' தொடருக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1955 செப்டம்பர் 10 அன்று தொடங்கி, 1975 மார்ச் 31 வரை இருபது சீசன்கள் ஓடிய, மேற்கத்திய (கௌபாய்) கதைகளைச் சொல்லும் 'கன்ஸ்மோக்' தொடரைப் பார்க்க நினைப்பவர்களை முதலில் மலைக்க வைப்பது அதன் நீளம்தான். மொத்தம் 635 அத்தியாயங்கள். அவற்றுக்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு வானொலித் தொடரும், பின்னால் வந்த ஐந்து தொலைக்காட்சித் திரைப்படங்களும் தனி. பெரும்பாலானவர்கள் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு வண்ண அத்தியாயத்தில் தொடங்கி, நிதானமான ஒரு குடும்பத் தொடராக அதைக் கருதி, நான்கைந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது 'கன்ஸ்மோக்'கின் கடைசிக் கட்டத்தை மட்டுமே. ஒரே பெயரின் கீழ் உண்மையில் நான்கு தொடர்கள் இருக்கின்றன என்பதும், அவற்றை எந்த வரிசையில் அணுகுகிறோம் என்பதைப் பொறுத்தே இது நமக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் அமையும் என்பதும் என் கருத்து.

1. முதலில் வரைபடத்தை மனதில் இருத்துங்கள்

முதலாவது, 1952 முதல் 1961 வரை ஒலிபரப்பான வானொலித் தொடர். இரண்டாவது, 1955 முதல் 1961 வரையிலான ஆறு சீசன்களில் வந்த 233 அரைமணி நேர அத்தியாயங்கள்; இவை முழுக்கக் கறுப்பு வெள்ளை. மூன்றாவது, 1961 முதல் 1966 வரை வந்த 176 ஒரு மணி நேர அத்தியாயங்கள். இவையும் கறுப்பு வெள்ளைதான். நான்காவது, 1966 இலையுதிர் காலத்தில் தொடங்கிய பன்னிரண்டாவது சீசனிலிருந்து இறுதி வரையிலான 226 வண்ண அத்தியாயங்கள்.

மறுஒளிபரப்புகளைத் தேடுபவர்கள் வேறு இரண்டு பெயர்களையும் அறிந்திருப்பது நல்லது. அரைமணி நேர அத்தியாயங்கள் 'மார்ஷல் டில்லன்' என்ற தலைப்பில் மீண்டும் ஒளிபரப்பாயின. பிரிட்டனில் இத்தொடர் 'கன் லா' என்ற பெயரில் வந்தது. இரண்டும் இதே தொடர்தான்.

2. டாட்ஜ் சிட்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

கதை நடக்கும் ஊரான கன்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டி கற்பனையானதன்று. சாண்டா ஃபே ரயில் பாதை 1872-இல் அங்கு வந்து சேர்ந்ததையொட்டி எழுந்த அவ்வூர், முதலில் காட்டெருமைத் தோல் வியாபாரத்தால் வளர்ந்தது. எருமைகள் சுட்டுத் தீர்க்கப்பட்ட பிறகு, ஏறத்தாழ 1875 முதல் 1885 வரை, டெக்சாஸிலிருந்து நூற்றுக்கணக்கான மைல்கள் ஓட்டிவரப்பட்ட மாட்டு மந்தைகளை ரயிலேற்றும் சந்தையாக அது இருந்தது. டெக்சாஸ் மாடுகளோடு வந்த உண்ணிக் காய்ச்சலுக்கு அஞ்சி, கன்சாஸ் அரசு 1885-இல் தடை போட்டதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. தொடரில் மாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் சேர்ந்த கூலியோடு ஊருக்குள் வந்து, குடித்துக் கலகம் செய்யும் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் பின்னணி. ஃப்ரன்ட் ஸ்ட்ரீட், லாங் பிராஞ்ச் மதுக்கடை, காலணியோடு செத்தவர்களைப் புதைத்த பூட் ஹில் இடுகாடு ஆகிய மூன்றும் உண்மையிலேயே இருந்தவை. வயட் ஏர்ப், பேட் மாஸ்டர்சன் போன்ற உண்மை மனிதர்கள் அங்கே சட்டம் காத்தார்கள். நம் நாயகனான மார்ஷல் (மத்திய அரசின் சட்டக் காவல் அதிகாரி) மேட் டில்லன் மட்டும் முழுக் கற்பனை.

ஒரு விஷயத்தில் தொடரை நம்ப வேண்டாம். கன்சாஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களிலும் சேர்த்து, 1870 முதல் 1885 வரையிலான காலத்தில் நடந்த கொலைகள் ஏறத்தாழ 45 என்பது ஆய்வாளர்களின் கணக்கு. டில்லனின் டாட்ஜில் அந்த எண்ணிக்கையை எட்ட இரண்டு சீசன்கள்கூடத் தேவைப்படாது. அதேபோல், மத்திய அரசு நியமித்த ஒரு மார்ஷல் ஊரின் ஒவ்வொரு குடிச்சண்டையையும் தீர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அதற்கு நகர மார்ஷலும் மாவட்ட ஷெரிஃபும் இருந்தார்கள். இதை ஒருமுறை தெரிந்துகொண்டு மறந்துவிடுவதே உத்தமம்.

3. வானொலியில் இரண்டு மூன்றாவது கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லத்தான் பலருக்கும் தோன்றும். ஆனால் தொடரின் வரலாறு இங்கேதான் இருக்கிறது. துப்பறிவாளர் ஃபிலிப் மார்லோவைப் போன்ற கசப்பும் கடுமையும் கொண்ட ஒரு மேற்கத்திய நாயகன் வேண்டும் என்று சிபிஎஸ் நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி விரும்பியதாகச் சொல்வார்கள். அதன்படி 1949-இல் மாதிரி அத்தியாயம் ஒன்றும் தயாரானது. அதில் நாயகனின் பெயர் மார்க் டில்லன். அந்த மாதிரியின் ஒரு பதிப்பில் நாயகனுக்குக் குரல் கொடுத்த ஹோவர்ட் கல்வர், வேறொரு வானொலித் தொடரின் ஒப்பந்தத்தில் சிக்கியிருந்ததால் முயற்சி கிடப்பில் போனது. அதே கல்வர் பிற்காலத்தில் தொலைக்காட்சி 'கன்ஸ்மோக்'கில் டாட்ஜ் ஹவுஸ் விடுதியின் குமாஸ்தாவாக, ஓரிரு வசனங்களோடு வந்துபோவதைக் காணலாம். தலைவிதி என்பது இதுதான் போலும்.

பிறகு தயாரிப்பாளரும் இயக்குநருமான நார்மன் மெக்டோனலும், கொலராடோவில் பிறந்த எழுத்தாளர் ஜான் மெஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய வடிவம் 1952 ஏப்ரல் 26 அன்று ஒலிபரப்பானது. மேட் டில்லனுக்கு வில்லியம் கான்ராட், அவருடைய உதவியாள் செஸ்டருக்கு பார்லி பேர், ஊர் டாக்டருக்கு ஹோவர்ட் மெக்நியர், மதுக்கடைப் பெண் கிட்டிக்கு ஜார்ஜியா எலிஸ் குரல் கொடுத்தார்கள். அதுவரை ரேடியோவிலும் திரையிலும் வந்துகொண்டிருந்த கௌபாய் கதைகள் பெரும்பாலும் சிறுவர்களுக்கானவை: வெள்ளைக் குதிரை, பாட்டு, கடைசியில் நல்லவன் வெற்றி. மெஸ்டனுக்கு அந்த வகையே பிடிக்காது. அவருடைய கதைகளில் நல்லவர்கள் காரணமின்றிச் சாகிறார்கள். டில்லன் தாமதமாக வந்து சேர்கிறார். சில சமயம் வந்தும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கேட்கும்போது ஒலிகளைக் கவனியுங்கள். மரப்பலகை நடைபாதையில் பூட்ஸ் காலடி, அது மண் தெருவில் இறங்கியதும் மாறும் ஓசை, தூரத்தில் ஒரு நாய், சிறைக் கதவின் சாவிக்கொத்து. வசனத்துக்கு இடையே இவை மட்டும் சில நொடிகள் கேட்கும். ஒரு மனிதன் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பதை அவர்கள் அவசரப்படுத்துவதே இல்லை. ரெக்ஸ் கோரி அமைத்த தொடக்க இசையும் வானொலிக்காகப் பிறந்து தொலைக்காட்சிக்குப் போனதுதான். முதலில் கேட்க 'பில்லி த கிட்' என்ற தொடக்க அத்தியாயமே ஏற்றது. பெரும்பாலான அத்தியாயங்கள் இன்றும் இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன.

4. அரைமணி நேர அத்தியாயங்களே வாசல்

என்னிடம் கேட்டால், ஒருவருக்கு இத்தொடரில் ஐம்பது மணி நேரம் மட்டும் செலவிட முடியுமென்றால், அதில் நாற்பதை இங்கே செலவிடச் சொல்வேன்.

தொலைக்காட்சிக்குப் போனபோது வானொலிக் குழுவினரை வைத்துக்கொள்ளவில்லை. கான்ராடின் குரல் மார்ஷலுக்குப் பொருந்தினாலும் அவருடைய பருத்த உடல் பொருந்தாது என்று கருதப்பட்டது. அவருக்குப் பதிலாக வந்தவர் ஜேம்ஸ் ஆர்னஸ், ஆறடி ஏழங்குலம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்ஸியோவில் காலில் குண்டடிபட்டவர்; அந்தக் காயம் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. இந்த வேடத்துக்கு முதலில் கௌபாய் படங்களின் நட்சத்திரமான ஜான் வெய்னைக் கேட்டார்கள், அவர்தான் மறுத்துவிட்டு ஆர்னஸைக் கைகாட்டினார் என்ற கதையை எங்கும் படிப்பீர்கள். வெய்ன் ஆர்னஸைப் பரிந்துரைத்ததும், முதல் அத்தியாயத்துக்குத் திரையில் தோன்றி முன்னுரை சொன்னதும் உண்மை. ஆனால் வேடமே அவருக்குத்தான் முதலில் தரப்பட்டது என்பதை, தொலைக்காட்சி வடிவின் முதல் தயாரிப்பாளரான சார்லஸ் மார்க்விஸ் வாரன் உட்படச் சம்பந்தப்பட்டவர்கள் மறுத்திருக்கிறார்கள்.

அந்த முதல் அத்தியாயத்தின் பெயர் 'மேட் கெட்ஸ் இட்'. டான் கிராட் என்ற துப்பாக்கிக்காரன் டாட்ஜுக்கு வருகிறான். அவனைக் கைது செய்யப் போகும் டில்லன், தொடரின் முதல் அத்தியாயத்திலேயே, அவனால் சுடப்பட்டு மண்ணில் விழுகிறார். பிழைத்து எழுந்து, படுக்கையில் கிடந்தபடி நடந்ததை அசைபோடும்போதுதான் ஒன்று புலப்படுகிறது: கிராட் எப்போதும் எதிராளியை மிக அருகே வரவிட்டே சுடுகிறான், துப்பாக்கியை உருவும் வேகம் அவனிடம் உண்டு, குறி இல்லை. இரண்டாவது முறை டில்லன் எட்டியே நின்றுகொள்கிறார். முதல் குண்டு கிராடினுடையது, அது தவறுகிறது, இரண்டாவது டில்லனுடையது. நாயகனைவிட வேகமானவன் ஒருவன் இருக்கிறான் என்று அறிமுகத்திலேயே ஒப்புக்கொண்ட தொடர் இது.

அடுத்ததாக 1957 பிப்ரவரியில் வந்த 'பிளடி ஹேண்ட்ஸ்' பாருங்கள். மனிதர்களைச் சுட்டுச் சுட்டு மனம் வெறுத்துப்போன டில்லன் பதவியைத் துறந்து, மீன் பிடிக்கவும் கிட்டியோடு ஓய்வாகப் பொழுதைக் கழிக்கவும் போய்விடுகிறார். ஊரில் ஒரு கொலை நடந்ததும், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடி வருபவர் செஸ்டர். தனக்கு அந்தத் திறமை இருந்தால் தானே செய்துவிடுவேன், இல்லாததால்தான் வந்து நிற்கிறேன் என்கிற பொருளில் அவர் பேசும் சில வரிகளில், உதவியாள் என்ற பாத்திரம் முழு மனிதனாகிவிடுகிறது. 1956-இல் வந்த 'த கில்லர்' அத்தியாயத்தில், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற சார்லஸ் பிரான்சன் கோழைத்தனமான ஒரு கொலைகாரனாக நடித்திருக்கிறார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆறு சீசன்களைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கப் பழகினால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். ஒன்று, எழுதியவர் பெயர். மெஸ்டனின் வானொலிக் கதைகளே பெரும்பாலும் திரைக்கு ஏற்ப மாற்றப்பட்டன. அப்படி மாற்றி எழுதியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் திரைப்பட இயக்குநராகப் பெயர்பெற்ற சாம் பெக்கின்பா. இரண்டாவது, செஸ்டரின் கால். அவ்வளவு திடமான ஓர் ஆள் ஏன் துப்பாக்கி கட்டவில்லை, ஏன் சண்டைக்குப் போகவில்லை என்று பார்ப்பவர்கள் கேட்கக்கூடாது என்பதற்காக, நடிகர் டென்னிஸ் வீவர் ஒரு காலை மடக்காமல் நடப்பது என்று முடிவு செய்துகொண்டார். ஒன்பது ஆண்டுகள் அந்த விறைத்த காலோடு அவர் படி ஏறினார், குதிரை ஏறினார், காபி கொண்டுவந்தார். 1959-இல் அவருக்கு எம்மி என்ற தொலைக்காட்சி விருது கிடைத்தது. மூன்றாவது, கிட்டி. வானொலியில் அவர் என்ன தொழில் செய்தார் என்பதைக் கேட்பவர்கள் ஊகித்துக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் அமாண்டா பிளேக் நடித்த கிட்டி ரசல், லாங் பிராஞ்சின் பங்குதாரராகவும் பிறகு உரிமையாளராகவும் கௌரவப்படுத்தப்பட்டார். அவருக்கும் டில்லனுக்கும் இடையே இருப்பது என்ன என்பதைப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மதுக்கடை மூலையில் ஒரே மேசையில் இருவரும் உட்காரும் விதத்திலேயே அது முடிந்துவிடுகிறது.

1957-58 முதல் 1960-61 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி இதுவே. இதன் வெற்றி வழிவிட்ட கூட்டத்தில், 1959 வாக்கில் ஏறத்தாழ முப்பது மேற்கத்தியத் தொடர்கள் மாலை நேரங்களை நிரப்பின. பெரும்பாலானவை இரண்டு மூன்று ஆண்டுகளில் மறைந்துபோயின.

5. ஒரு மணி நேரக் கறுப்பு வெள்ளையில் பொறுக்கி எடுங்கள்

1961-இல் நேரம் இரட்டிப்பானது. இருபத்தைந்து நிமிடத்தில் நறுக்கென்று சொன்ன கதைகளுக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் இழுவையாகத் தோன்றும். சில உண்மையிலேயே இழுவைதான். ஆகவே வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. பாத்திரங்கள் மாறும் இடங்களை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். 1962-இல், இன்னும் நட்சத்திரமாகாத பர்ட் ரெனால்ட்ஸ், குவின்ட் ஆஸ்பர் என்ற கொல்லராகச் சேர்ந்து 1965 வரை இருந்தார். அதே 1962 டிசம்பரில் 'அஸ் ஹாகன்ஸ்' அத்தியாயத்தில் ஃபெஸ்டஸ் ஹாகனாக கென் கர்டிஸ் அறிமுகமானார். இவர் முன்னாள் பாடகர். 'சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்' குழுவில் பாடியவர். அழுக்குத் தாடியும் கரகரத்த இழுவைப் பேச்சுமாகத் திரியும் ஃபெஸ்டஸின் தொண்டையிலிருந்து அந்தக் குரல் வந்திருக்கும் என்று நம்புவது கடினம்.

1964-இல் வீவர் வேறு தொடருக்குப் போய்விட, ஃபெஸ்டஸ் நிரந்தரமானார். செஸ்டர் எங்கே போனார் என்று டாட்ஜில் யாரும் விளக்கவில்லை. புதியவர்கள் இங்கே குழம்புவது வழக்கம். நடுவில் ஏதோ அத்தியாயத்தைத் தவறவிட்டோம் என்று தேட வேண்டாம், அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை. டாக்டர் ஆடம்ஸாக வரும் மில்பர்ன் ஸ்டோனுக்கும் ஃபெஸ்டஸுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் வாய்ச்சண்டை இந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. தொடரின் சுவை மாறியதற்கும் அதுவே அடையாளம்: பழைய கசப்பு குறைந்து, கலகலப்பு கூடிவிட்டது. மெக்டோனலும் இதே காலத்தில் விலகினார்.

6. 1967-இல் நடந்ததைத் தெரிந்துகொண்டு வண்ணத்துக்குள் போங்கள்

வண்ணத்துக்கு மாறிய முதல் ஆண்டிலேயே தொடர் சரிந்து, முன்னணி முப்பது நிகழ்ச்சிகளுக்கு வெளியே போயிற்று. சிபிஎஸ் அதை 1967-இல் நிறுத்த முடிவு செய்தது. அந்த முடிவை மாற்றியவர், நிறுவனத் தலைவர் பேலி. அவர் தலையிட்டதும் தொடர் சனிக்கிழமை இரவிலிருந்து திங்கட்கிழமை முன்மாலைக்கு மாற்றப்பட்டது; அதற்கு இடம் விடுவதற்காக 'கில்லிகன்ஸ் ஐலண்ட்' என்ற நகைச்சுவைத் தொடர் பலியானது. அந்த ஆண்டே 'கன்ஸ்மோக்' நான்காம் இடத்துக்கு ஏறியது. 1969-70-இல் இரண்டாம் இடம். கிராமியத் தொடர்களையெல்லாம் சிபிஎஸ் கூண்டோடு வெட்டியெறிந்த 1970-71 காலத்திலும் இது தப்பித்தது. ஒரு நேரமாற்றத்தால் எட்டு ஆண்டு ஆயுள் நீண்டது.

ஜான் மான்ட்லி தயாரித்த இந்தக் கட்டத்தில் கதையின் மையம் டில்லனைவிட்டு நகர்ந்துவிடுகிறது. வாரம் ஒரு விருந்தினர் நடிகர் வருவார், கதை அவருடையது, மார்ஷல் தொடக்கத்தில் ஊரைவிட்டுப் போய், முடிவில் திரும்பி வருவார். திரையில் வன்முறை குறித்த எதிர்ப்பு வலுத்ததும், தெருவில் நேருக்கு நேர் நின்று சுடும் புகழ்பெற்ற தொடக்கக் காட்சியும் போய், டில்லன் குதிரையில் பாய்ந்து செல்லும் காட்சி வந்தது. இதை வீழ்ச்சி என்பவர்கள் உண்டு. எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் சிலவற்றைத் தவறவிடக் கூடாது. பழிவாங்கத் துடிக்கும் தாயாக பெட்டி டேவிஸ் நடித்த 'த ஜெயிலர்' (1966), மார்ஷல் ஊரில் இல்லாதபோது ஒரே ஒரு துப்பாக்கிக்காரன் டாட்ஜ் முழுவதையும் அடக்கி வைக்கும் 'மேனன்' (1969), முதுகெலும்பருகே குண்டு தைத்த டில்லனை ரயிலில் கொண்டுசெல்லும்போது அந்த ரயிலே கொள்ளையரிடம் சிக்கும் 'த புல்லட்' என்ற மூன்று பகுதிக் கதை (1971), மாட்டோட்டும் காலம் முடிந்துவரும்போது வேலையற்றுப்போகும் மாட்டுக்காரர்களைப் பற்றிய 'தர்ட்டி அ மந்த் அண்ட் ஃபவுண்ட்' (1974) ஆகியவை என் பட்டியல்.

1971-இல் ஸ்டோனுக்கு மாரடைப்பு வந்தபோது சில அத்தியாயங்களில் பேட் ஹிங்கில் வேறொரு மருத்துவராக வருவார். டாக்டர் மாறிவிட்டாரே என்று திகைக்க வேண்டாம், ஸ்டோன் திரும்பிவிடுவார். 1974-இல் அமாண்டா பிளேக் விலகிவிட்டதால் இருபதாம் சீசனில் கிட்டி இல்லை.

7. முடிவைத் தேடாதீர்கள், படங்களை வரிசையறிந்து பாருங்கள்

'த ஷேர்கிராப்பர்ஸ்' என்ற சாதாரண அத்தியாயத்தோடு தொடர் 1975-இல் நின்றது. இன்னொரு சீசன் உண்டு என்றே குழுவினர் எண்ணியிருந்ததால், விடைபெறும் அத்தியாயம் என்று எதுவும் எடுக்கப்படவில்லை. அந்த ஏக்கத்தை ஓரளவு தணிப்பது 1987-இல் வந்த 'ரிட்டர்ன் டு டாட்ஜ்' என்ற தொலைக்காட்சித் திரைப்படம். அதில் 'மேனன்' அத்தியாயத்தின் வில்லனே திரும்பி வருவதால், அதைப் பார்த்த பிறகே இதற்குப் போக வேண்டும். கிட்டியாக அமாண்டா பிளேக் கடைசியாகத் தோன்றியதும் இதில்தான். அவர் 1989-இல் காலமானார். அதன்பின் 1990, 1992, 1993, 1994 ஆண்டுகளில் வந்த நான்கு படங்களிலும் பழைய குழுவில் ஆர்னஸ் மட்டுமே மிஞ்சுகிறார், டாட்ஜும் அநேகமாக இல்லை. அவற்றுள் முதலாவதான 'த லாஸ்ட் அப்பாச்சி'யை மட்டும் பார்த்தால் போதும். அதன் கதை 1973-இல் வந்த 'மேட்ஸ் லவ் ஸ்டோரி' அத்தியாயத்தின் தொடர்ச்சி என்பதால், அதையும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள்.